மைனியின் ரேஷன் கார்டு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையாள நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர். கொட்டகையில் பிறந்ததுகள், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. எனக்குத் தமிழும் மலையாளமும் வரும் என்பதால், சான்றிதழ் கேட்டுத் தாய்மாரோடு பிறப்புப் பதிவு ஆபீசுக்கு டீச்சர் என்னைத்தான் அனுப்புவார். ஆபீசர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் போவேன்.

அதில் ஒரு பெண்பிள்ளை. ஹைஸ்கூலில் சேரச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டில்தான் பெற்றேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். எந்த வீடு, யார் சாட்சி என்று ஆபீசில் கேட்டதும் அழத் தொடங்கினாள். வெளியே கூட்டிவந்து விசாரித்தேன்.

"ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன், அக்கா. எங்களுக்கு இங்க ரேஷன் கார்டு இல்ல. கார்டு இல்லாட்டா காசு கேப்பாவன்னு பயந்து, மைனி கார்டக் காட்டி மைனி பேரச் சொல்லிப் படுத்துட்டேன்."

மைனி என்றால் அவள் அண்ணன் மனைவி. அந்தப் பெயரில் தேடியதும் கிடைத்துவிட்டது. நாள் சரி, ஆஸ்பத்திரி சரி. அம்மா பெயர் இருக்கும் இடத்தில் மைனி, அப்பா இடத்தில் அண்ணன்.

"ஈ குட்டிக்கு ரெண்டு அம்மயாணோ?" இந்தப் பிள்ளைக்கு ரெண்டு அம்மாவா என்று கிளார்க் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். திருத்த வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியை ஏமாற்றினோம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், இரண்டு பெண்கள் மேலும் போலீஸ் கேஸ் வரும் என்றார் ஆபீசர். மைனியிடம் போய்ச் சொன்னோம். கேஸ் என்றதும் அவள் கையை உதறிவிட்டாள்.

"சர்டிபிகேட் இருக்குல்லா? அத வச்சுச் சேத்துரு. அது ஒம் பிள்ளைன்னு யாருக்குத் தெரியாது?"

தெரிந்து என்ன செய்ய? பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். பெற்றவள் அதையே வாங்கிக்கொண்டாள்.

சேர்க்கப் போன அன்று நானும் போனேன். கையெழுத்துப் போட மைனி நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். வழியெல்லாம் பெற்றவள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாள். ஹெட்மாஸ்டர் பெற்றவளைக் காட்டி, இது யார் என்று பிள்ளையிடம் கேட்டார்.

"அத்தை," என்றது பிள்ளை. தடுமாறவே இல்லை. பெற்றவள் தலையாட்டினாள்.

இப்போது பள்ளியில் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னால் மைனியைத்தான் கெஞ்ச வேண்டும். மனசிருந்தால் வருவாள்.

அந்த ஆபீசர் சொன்னது சட்டம்தானா, கேஸ் இல்லாமல் அம்மா பெயரைத் திருத்த வழி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். அதற்கு யார் மேலும் கேஸ் வராது.