அக்காவும் ‘ரிலென்ட்லெஸ்’ என்ற சொல்லும்

எங்கள் அக்கா வலங்கைமான் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமத்தில் பிறந்தார், அங்கேயே வாழ்க்கைப்பட்டார். அத்தான் இளவயதில் மறைந்தபோது அக்காவிடம் இருந்தவை இரண்டு பெண் குழந்தைகள், ஒரு ஏக்கர் குத்தகை நிலம், எதற்கும் உதவாத ஒரு தம்பி. அந்தத் தம்பி நான்தான், ஆங்கில ஆசிரியர். ‘ரிலென்ட்லெஸ்’ என்றால் ‘ஓயாத, விட்டுக்கொடுக்காத’ என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவேன். ‘ரிலென்ட்லெஸ் மழை’ என்று உதாரணமும் தருவேன். மழையைத் தாண்டி எனக்கு அந்தச் சொல் தெரியாது.

ஒரு சம்பா பருவத்தில் மதகின் ஷட்டர் இறுகிப்போய்த் தண்ணீர் வரவில்லை. நட்ட பயிர் வெளுத்தது. அந்த விளைச்சல் போனால் பெரியவளின் படிப்பு நின்றுவிடும். நான் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மூன்று பக்க மனு எழுதிக் கொடுத்தேன். பொறியாளர் மேசையில் மற்றத் தாள்கள் பறக்காமலிருக்க அது உதவியது.

மறுநாள் அக்கா தனியே போனார். வயலிலிருந்து பிடுங்கிய பயிர் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“ஐயா, இது இன்னிக்குப் பயிரு.”

அடுத்த நாள் இன்னொன்று. “நேத்தைவிட வெளுப்பு, பாருங்க.”

இப்படிப் பதினோரு நாள். கோபமில்லை, கெஞ்சலில்லை.

“ஆபீஸ்ல சிரிக்கிறாங்கக்கா.”

“சிரிக்கட்டும்டா. சிரிச்சுக்கிட்டே ஷட்டரைத் தூக்கட்டும்.”

பன்னிரண்டாம் நாள் நானும் உடன்போனேன். பொறியாளர் என்னைக் கும்பிட்டார். “சார், யுவர் சிஸ்டர் இஸ் ரிலென்ட்லெஸ்!”

“என்னடா சொல்றாரு?”

“நீ விடவே மாட்டேங்கிறியாம்.”

“அது கெடக்கட்டும், தண்ணி எப்பன்னு கேளு.”

மறுநாள் ஷட்டர் ஏறியது. வகுப்பில் நானும் மழையை விட்டுவிட்டு அக்காவை உதாரணமாகச் சொல்லத் தொடங்கினேன்.

பத்து நாள் கழித்து அக்கா மறுபடி அங்கே போனார். பொறியாளர் பதறி எழுந்தார். “இன்னும் என்னம்மா?”

பச்சைப் பயிர் ஒன்றை வைத்தார் அக்கா. “தேறிடுச்சுங்க ஐயா. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. பெரியவள் படித்து முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சின்னவளும் அவள் வழியே போனாள். கடைசியில் வந்த நோயிடமும் அக்கா எட்டு மாதம் விட்டுக்கொடுக்கவில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அக்கா மறைந்த வாரம், தங்கள் வயலை அப்படியே விட்டுவிட்டு அவருடைய வயலை முதலில் அறுத்துக் கொடுத்த பக்கத்து வயல்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எந்த மொழியிலும் எனக்குத் தெரியவில்லை. அந்த நெல்தான் இன்று அக்காவின் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் இலையில் சோறாகியிருக்கிறது. இன்னொரு முறை வாங்கிச் சாப்பிடாமல் யாரும் எழுந்துவிடாதீர்கள்.