கரும்புக் காட்டு மூச்சு

திருவாதவூரில் பாறை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவன் நான். காளவாசல் ரோட்டோரத்தில் பஞ்சர் ஒட்டும் பெட்டியோடு குந்தியிருந்தவன், அதே இடத்தில் டயர் கடை போட்டு முதலாளி ஆனேன். கே.கே. நகரில் டாக்டர்கள் குடியிருக்கும் தெருவில் மாடி வைத்து வீடு கட்டினேன். மகள் செல்வியை கம்ப்யூட்டர் படிக்க வைத்து விமானம் ஏற்றினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது இம்புட்டும். அப்பேர்ப்பட்ட நான் இந்த ஜெர்மனியில், காலிங் பெல் அடித்தால் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறேன். மனைவி போனபின் மகளோடு இருக்கலாம் என்று வந்தவன். இங்கே சொல்லாமல் எவரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. வருவது பார்சல்காரர்தான் என்று புத்திக்குத் தெரியும். காலுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. மதுரையில் வாசற்கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். தெருச் சத்தமே ஒரு காவல். இங்கே இந்த அமைதியில் எவனாவது நடந்து வந்தால்கூடத் தெரியாது. அதுதான் பயம்.

செல்வி பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, யோனாஸ் என்ற ஜெர்மன்காரப் பையனோடு சேர்ந்து சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். முதலாளி கிடையாது, ஆபீஸ் கிடையாது. வீட்டுப் பின்னறையில் அவர்கள் இருவர் மட்டும். எப்போதோ வரப்போகிற காலத்தில் நடக்கிற கதை. நிலமெல்லாம் ஒரே கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டது. பயிருக்குமேல் சிவப்புக் கண் வைத்த இயந்திரங்கள் பறந்து காவல் காக்கின்றன. ஒரு பெண் அந்தக் காட்டைத் தாண்டிப் போகவேண்டும். அவள் கையில் ஆயுதம் இல்லை. ஒளியலாம், தவழலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

“சண்டையே போடாம என்ன வெளையாட்டு? எவன் வாங்குவான்?” என்றேன்.

“நீங்க உக்காந்து பாருங்கப்பா, அப்புறம் பேசுங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் யானைமலை படுத்திருந்தது. ஊர்ப் பெயர் எதுவும் எழுதாமல், எங்கள் பக்கத்துப் பொட்டலையும் கண்மாயையும் அப்படியே வைத்திருக்கிறாள். சிவப்பு வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. என் கையில் கொடுத்திருந்த ஆட்டக் கருவி நழுவிக் கீழே விழுந்தது. செல்வி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஒரு குறை மட்டும் எனக்குப் பட்டது. ஒளிந்திருக்கும்போது அந்தப் பெண் விடும் மூச்சு சரியில்லை. யோனாஸ் தானே மூச்சுவிட்டுப் பதிவு செய்ததாம். “இது பஸ்ஸைப் பிடிக்க ஓடுனவன் மூச்சு. பயந்தவன் மூச்சு இப்பிடி இருக்காது” என்றேன்.

“அப்ப எப்பிடி இருக்கும்? விட்டுக் காட்டுங்க” என்றாள்.

துணி மாட்டும் அலமாரிக்குள் மைக்கை வைத்து என்னை உட்கார வைத்தார்கள். தண்ணீரில் நனைத்த துண்டு ஒன்று கேட்டு வாங்கி, பல்லில் கடித்துக்கொண்டேன். அலமாரிக் கதவு மூடியது.

திருவாதவூரில் எனக்கு மீசை அரும்பியிருந்த வயது அது. நிலக்காரர்கள் எங்கள் தெருப் பெண்களை வாடி போடி என்று அதட்டினால் அறுவடைக்கு இறங்கமாட்டோம் என்று களத்துமேட்டில் எழுந்து நின்று சொன்னவன் நான். மறுநாளே அவர்கள் ஜீப் வந்தது. நானும் அக்கா புருசன் பாண்டி மச்சானும் கரும்புக்குள் புகுந்துவிட்டோம். கரும்புச் சோகை கழுத்தை அறுக்கும், அசைந்தால் சரசரக்கும். வாய்க்காலில் துண்டை நனைத்துக் கடித்துக்கொண்டு, அதன் வழியாக மூச்சை இழுத்து இழுத்து விடவேண்டும். சத்தம் துணிக்குள்ளேயே அடங்கிவிடும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

“மாப்ள, உன் வயிறு கத்துறது மேலூருக்கே கேக்குதுடா” என்று மச்சான் காதுக்குள் சொன்னார்.

“சும்மா இருங்க மச்சான், சிரிப்பு வருது.”

“டேய் மலைச்சாமி! வெளிய வாடா!” என்று வரப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது என் பெயர். என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயரை அரிவாள் வைத்திருந்தவன் கூப்பிட்டான். கரும்புத் தூருக்கு நடுவே அவன் செருப்புக்கால் தெரிந்தது. எட்டித் தொட்டுவிடலாம்போல இருந்தது. மச்சான் சிரிப்பு நின்றுபோனது.

அலமாரிக் கதவு திறந்தது. யோனாஸ் குனிந்து நின்றான். நான் வேர்வையில் நனைந்திருந்தேன். நெஞ்சு அடிப்பது வெளியே கேட்டுவிடக்கூடாது என்று கையால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

“ஆல்லஸ் குட், அங்கிள்?” என்றான். நல்லாயிருக்கிறீர்களா என்று கேட்கிறான். நானோ, “போயிட்டாய்ங்களா?” என்று தமிழில் கேட்டேன். தலையைத் தாழ்த்து என்று சைகை காட்டி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறேன் என்று நினைத்துவிட்டான் பாவம். போனைப் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டான். சீருடைக்காரர்கள் பையோடு உள்ளே நுழைந்ததும் நான் அலமாரியை உள்பக்கம் இழுத்து மூடிக்கொண்டேன். செல்வி வெளியே நின்று, “அப்பா, நான்தான்ப்பா. இங்க யாரும் இல்லப்பா” என்று அழுதாள். அதுவரை அவளுக்கு அந்தக் கரும்புக் காட்டைப் பற்றி நான் சொன்னதில்லை; அன்று ராத்திரிதான் சொன்னேன். வந்தவர்கள் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது எனக்கு முன்பே தெரியும்.

மைக் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆட்டத்தில் இப்போது அந்தப் பெண் விடுவது முழுக்க என் மூச்சு. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்டால் முதுகு சில்லிடுகிறதாம். வேறு எதுவும் தேவையில்லை, அந்த ஆட்டமே என் மூச்சில்தான் நிற்கிறது என்பேன்.

கடைசியில் ஓடும் பெயர்களைப் போன வாரம் போட்டுக் காட்டினாள். படம், கதை, செல்வி. ஒலி, யோனாஸ். அவர்களுக்குக் காபி கொடுத்த பக்கத்து வீட்டம்மாளுக்கும் நன்றி இருந்தது. நான் இல்லை.

“ஏம்மா, என் பேரு எங்க?”

அவள் திரையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். “யாரு கேட்டாலும் அப்பா பேரச் சொல்லாதன்னு சொல்லித்தானப்பா என்னைய வளத்தீங்க? இது மதுரைக்கும் போகும். ஊர்ல அந்த ஜீப்புக்காரவுங்க வீட்டுப் பிள்ளைக பாத்துட்டா, நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் போடல.”

பயம்தான். இதை எழுதும்போதும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஜீப்பில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மதுரையில் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து இதை விளையாடுவார்கள். சிவப்பு வெளிச்சம் திரும்பும்போது பயிருக்குள் பதுங்குவார்கள். அப்போது அவர்கள் விடப்போவது என் மூச்சு. உடம்பு இங்கே இந்தக் குளிரில் கிடக்கிறது. மூச்சு மட்டும் அங்கேயே, வாய்க்கால் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வேண்டாமா?

செல்விக்கும் யோனாஸுக்கும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன். ஆட்டம் வெளியே போவதற்குமுன் ஒரு வரி சேருங்கள். தமிழிலேயே போடுங்கள், பெரிய எழுத்தில், காபிக்கு மேலே: மூச்சு, மலைச்சாமி, திருவாதவூர்.