கொட்டகை வாசலில் படுத்திருந்த நாய்

கொடைக்கானல் மலையில் கிளாவரை பஸ் போகும் சாலையிலிருந்து இறங்கினால் எங்கள் ஊர். ஊருக்குக் கீழே கேரட் கழுவும் கொட்டகை. காலையில் பெண்கள் உள்ளே போனதும் மேஸ்திரி வெளியிலிருந்து பூட்டிவிடுவார். லாரி நிறைந்த பிறகுதான் திறப்பார். திறந்து வைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூடுதல் கூலி சொல்லிக் கூட்டிப் போய்விடுவார் என்பது அவர் சொல்லும் காரணம். உள்ளே கழிப்பறை கிடையாது.

அதைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து ஓர் அக்கா வந்தார். பல ஊர்களில் கொத்தடிமைத்தனம் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஊர்ப்பேச்சை எழுதிக் கொடுக்க என்னைச் சேர்த்துக்கொண்டார். பேச முன்வந்தவள் என் சின்னம்மா ஒருத்திதான்.

வேலையில்லாத ஒரு நாளில், கொட்டகை வாசலில் கேரட் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசினாள். "தண்ணிக்குள்ளயே நிக்கிறோம். ஆனா குடிக்கிறதில்ல. குடிச்சா எங்க போறது? போன மாசம் ஒரு புள்ள மயங்கி விழுந்துருச்சு. கதவத் தட்டு தட்டுனு தட்டுறோம், சாவி வச்சிருக்கவரு டீ குடிக்கப் போயிட்டாரு."

சின்னம்மா குடியிருப்பது முதலாளியின் தோட்ட வீட்டில். வேலை போனால் வீடும் போகும். அதனால் முகத்தை மறைத்துவிடுவதாகவும் குரலை மாற்றிவிடுவதாகவும் அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அப்படியே செய்தார்.

கொடைக்கானலில் ஒரு சர்ச் ஹாலில் திரையிடுவதற்கு முந்தைய வாரம், முதலில் உங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்று அக்கா லேப்டாப்புடன் சின்னம்மா வீட்டுக்கே வந்தார். கொட்டகைப் பெண்களும் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் முகம் கலங்கலாக இருந்தது. குரல் யாரோ ஆம்பளைக் குரல்போல் இருந்தது. காலடியில், பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டு ஒரு செவலை நாய் படுத்திருந்தது.

அடுத்த வீட்டு அத்தை சிரித்துவிட்டாள். "அடியே, இது நம்ம காது அறுந்த நாயில்ல? ஏன்டி, உன் மூஞ்சிய மறச்சுட்டு நாய் மூஞ்சிய மறைக்க மறந்துட்டாங்களேடி!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மா சிரிக்கவில்லை. அந்த நாய் தினமும் அவள் பின்னாலேயே வந்து, கதவு திறக்கும்வரை வாசலிலேயே கிடக்கும். மேஸ்திரி தினமும் அதைத் தாண்டித்தான் பூட்டுப் போடுவார்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "தப்பு என்னோடதுதாம்மா. இந்தக் காட்சியை எடுத்துடுறேன்."

"எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கும்?" என்று சின்னம்மா கேட்டாள்.

"பூட்டு இருக்கும். உள்ள என்ன நடக்குதுன்னு சொல்ல ஆள் இருக்காது" என்றார் அக்கா.

நாயை மட்டும் மறைக்கலாமா என்று நான் கேட்டேன்.

"காலடியில செவப்பா ஒண்ணு மங்கலாக் கெடந்தா மேஸ்திரி பூனன்னா நெனப்பாரு?" என்றாள் அத்தை. "படிச்ச புள்ள பேசுற பேச்சப் பாரு."

பிறகு அத்தையே சொன்னாள்: "ஏம்மா, அந்த நாய என் காலுலயும் போட்டு எடு. நானும் அதையே சொல்லுறேன். பொய்யா? நானுந்தான கதவத் தட்டுனேன்."

"அப்ப என்னையும் எடுங்க" என்றாள் மயங்கி விழுந்த பெண். இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் தயங்கினாள். அவள் மகன் முதலாளி லாரிதான் ஓட்டுகிறான். "நான் வரலடி, என்னய விட்டுருங்க" என்றாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே பெட்டி, அதே வாசல். சின்னம்மா உட்பட எல்லோரும், ஆள் அடையாளம் தெரியாமலிருக்க, தலையில் ஒரேமாதிரி சாக்கைப் போட்டுக்கொண்டார்கள். நாய்தான் சிரமம் கொடுத்தது. யார் உட்கார்ந்தாலும் எழுந்து சின்னம்மாவிடம் ஓடியது. வர மாட்டேன் என்றவள் வீட்டுக்குப் போய்ப் பன் எடுத்து வந்து, துண்டு துண்டாகப் பிய்த்து ஒவ்வொருத்தி காலடியிலும் போட்டாள். "வெரசா எடுங்க, வீட்டுல இருந்த பன்னே இம்புட்டுத்தான்." கடைசி ஆளுக்கு வருவதற்குள் நாய் வயிறு நிரம்பித் தூங்கிவிட்டது. அந்தக் காட்சிதான் நன்றாக வந்தது.

படம் ஹாலில் ஓடியது. செல்போன் செல்போனாக ஊருக்கும் வந்துவிட்டது. மறுநாள் காலை நானும் கொட்டகைக்குப் போனேன். மேஸ்திரி வாசலில் நின்றார்.

"யாரு வீட்டு நாய்டி இது?"

"எங்க நாய்தாங்க" என்றாள் அத்தை.

"ஆமாங்க, எங்களுதுதான்" என்றாள் பின்னால் வந்தவள். லாரிக்காரன் அம்மாவும் தலையை ஆட்டினாள்.

சின்னம்மாவும் அவர்களோடு உள்ளே போனாள். கேரட் வந்து குவியும் காலம்; எல்லோரையும் வெளியே அனுப்ப அவரால் முடியாது. சில நாளில் தொழிலாளர் துறையிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு போனார்கள். கழிப்பறைக்கு இன்னும் குழி மட்டும்தான் தோண்டியிருக்கிறது. கூலி ஏறவில்லை. பூட்டுப் போடுவது நின்றது.

கதவு திறந்தே கிடப்பதால் நாய் இப்போது உள்ளேயே வந்து படுக்கிறது. கூடை தூக்கும்போது காலில் தடுக்குகிறதென்று சின்னம்மா அதைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள்.