ஒரு சதமும் கட்டத் தேவையில்லை

மகள் ஆடத் தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவளுக்கென்று நாங்கள் கட்டும் வீட்டின் முன் அறையில்தான் ஆடுவாள். சுவர் இன்னும் பூசவில்லை, யன்னலுக்குக் கதவில்லை, ஆனால் தரைக்குச் சீமெந்து போட்டாயிற்று. சீமெந்துப் பை ஒன்றில் போனைச் சாய்த்து வைத்து, கொரியாப் பாட்டைப் போட்டுவிட்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஆடுவாள். நான் அடுப்படிக்கும் அந்த வீட்டுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அதற்குள் கறி அடிப்பிடித்துவிடும்.

"அம்மா, ஆடுறது நான். வேர்க்கிறது உங்களுக்கு" என்பாள்.

எங்கள் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் வீட்டைப் பற்றித்தான் முதல் கவலை. கல்யாணத்துக்கு முன் அவள் பேரில் ஒரு வீடு எழும்ப வேண்டும். மாப்பிள்ளை வந்து அதில் குடியிருப்பார். பழுகாமத்து வயல்வட்டையில் அவளுடைய அப்பா விதைக்கும் நெல் சாப்பாட்டுக்குக் காணும், கல்லுக்கும் சீமெந்துக்கும் காணாது. ஆகவே நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். அவள் பள்ளிக்கூடம் சேரும் முன்பு போன நான், பெரியபிள்ளையாகப் போகும் நேரத்தில்தான் திரும்பி வந்தேன்.

போன மாரியில், அவள் போனில் எடுத்து இன்டர்நெட்டில் ஏற்றிய ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனிக்காரர் அழைத்தார். கொரியாவில் செய்வது போலவே ஒரு பெண்கள் குழு சேர்க்கிறார்களாம். கொழும்பில் தங்கவைத்துப் பயிற்சி, பிறகு மேடை, பாட்டு, கொரியாவுக்கே போகும் வாய்ப்பு. மகளுக்குப் பதினெட்டு ஆகாததால் தாய் தகப்பனின் கையெழுத்து வேண்டும். அவளுடைய அப்பா, "நீயே கதை" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வட்டைக்கு நழுவிவிட்டார். வில்லங்கம் வந்தால் அவருக்கு வயலில் உடனே வேலை வந்துவிடும்.

"அக்கா, நீங்க ஒரு சதமும் கட்டத் தேவையில்ல" என்றார் கம்பனிக்காரர். மகள் போனைச் சத்தமாக வைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரரும் குளிர்ந்த சோடா ஒன்றை உடைத்துத் தந்துவிட்டு இதைத்தான் சொன்னார். டிக்கட், விசா எல்லாவற்றையும் அங்குள்ள வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வாராம். பார்த்துக்கொண்டார்கள்தான். முதல் மாதச் சம்பளத்தைக் கேட்டபோது வீட்டுக்காரி, "உன்னை எடுக்க நாங்கள் காசு கொடுத்திருக்கிறோம்" என்றாள். காய்ச்சலோடு படுத்துக் கிடந்தபோதும் அதையே சொன்னாள். பிள்ளையைப் பார்க்கப் போகவேண்டும் என்று அழுதபோதும் அதையே சொன்னாள்.

"தங்கிற இடம்?" என்று கேட்டேன்.

"கம்பனி தரும் அக்கா."

"சாப்பாடு, உடுப்பு?"

"எல்லாம் கம்பனிதான்."

"பிறகு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பிறகு பிள்ளை உழைக்கத் தொடங்கினதும் அதில கழிப்பம். கொரியாவிலயும் இப்பிடித்தான் அக்கா."

போனை வைத்ததும் மகளிடம், "உண்மையா?" என்றேன். உண்மைதானாம். அவளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரிந்திருக்கிறது. மணல் குவியலில் ஏறி இருந்து, எனக்குப் பாடம் நடத்தினாள். ஆட்டம் பழக்குகிறவர், பாட்டுப் பழக்குகிறவர், தங்குமிடம், சோறு, வீடியோ எடுக்கிற செலவு எல்லாம் பிள்ளைகளின் கணக்கில்தான் ஏறுமாம். பாட்டு ஓடி வருமானம் வந்தால் முதலில் கம்பனி தன் செலவை எடுக்கும். மிச்சத்திலும் அதற்குப் பங்கு. அதற்குப் பிறகு வருவதைத்தான் குழுவில் உள்ள அத்தனை பேரும் பிரிக்க வேண்டும். பெரிய கம்பனிகள் சில இப்போது பயிற்சிச் செலவைக் கேட்பதில்லையாம். சின்னக் கம்பனிகளில் சிக்கியவர்கள் பாடு அப்படியேதான்.

அவளுக்குப் பிடித்த ஒரு பிள்ளையின் பேட்டியையும் காட்டினாள். பாடிய வருஷங்கள் முழுக்கச் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் காணவில்லை, குழு கலைந்த பிறகு கோப்பிக் கடையில் வேலை செய்கிறேன் என்று அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்கிறது. ரோட்டோரத்தில் தன்னுடைய படத்தை வீட்டளவில் போட்டிருந்த நாளில் பஸ்ஸுக்குக் காசு தேடினதாம்.

"இதைப் பாத்துமா போகப் போறாய்? சும்மா ஆடுறதெண்டா எங்கட அம்மன் கோயில் சடங்கில ஆடு. பொங்கலாவது கிடைக்கும்."

"காசு கிடைக்காட்டியும் அந்தப் பிள்ளை ஆடினதுதானே அம்மா" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடுத்த நாளே கம்பனிக்காரருக்குச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மகள் ஆடவில்லை. முன் அறை அமைதியாகக் கிடந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆனால் முன்னையை விட மோசமாகிவிட்டேன். உப்பு இருக்கும்போதே உப்பு வாங்கப் போனேன். பட்டிருப்புப் பாலம் வரைக்கும் நடந்து, வாவியைப் பார்த்து நின்றுவிட்டு, எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

ஒரு பின்னேரம் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டேன். "ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு இரிக்காய்? உனக்காகத்தானே நான் அங்க போய்க் கிடந்தன். இந்த வீட்டில இரிக்கிற ஒவ்வொரு கல்லும்..."

"தெரியும் அம்மா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ரியூசனுக்குப் போகாட்டியும் கல்லு. சோத்தை மிச்சம் வெச்சாலும் கல்லு. தாதியாப் படி எண்டு சொல்றதுக்கும் இந்தக் கல்லுதான். கம்பனிக்காரன் எவ்வளவு எண்டு ஒரு தொகையாவது சொல்லுவான். அடைச்சு முடிஞ்சா விட்டிருவான். நீங்க இன்னும் தொகையே சொல்லல்லயே."

கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். கை எழும்பவில்லை. குவைத்து வீட்டுக்காரியின் முகம் ஏன் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என்று என்னையே நொந்துகொண்டு, வேலியோரம் போய் நின்று அழுதேன். பெற்றவளையும் கம்பனியையும் ஒரே தராசில் வைக்கிறாளே என்று ஆத்திரம் வந்தது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதில் அதைவிட ஆத்திரம் வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவள் பூசாத சுவரில் சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, தலையைத் தடவி, மனதாரத்தான் சொன்னேன்:

"மகள், நீ எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வசனம் யாருடையது என்று எனக்கு உறைத்தது. அவளும் கண்டுபிடித்துவிட்டாள். தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள்.

"பிறகு?" என்று கேட்டாள்.

கம்பனிக்காரருக்கு எடுத்த அளவு நேரம் எனக்கும் எடுத்தது. பிறகு ஒன்றுமில்லை, உன் விருப்பம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆனா..." என்றுதான் வந்தது.

அவள் லேசாகச் சிரித்தாள். எழும்பிப் போய்ப் போனைச் சீமெந்துப் பையில் சாய்த்து வைத்தாள். அன்றிலிருந்து மறுபடி ஆடுகிறாள், நான் மறுபடி நடக்கிறேன். அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு. என் கையெழுத்து தேவைப்படாது.