பஸ்ஸில் சொன்ன பாஸ்வேர்டு

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். கொஞ்சம் நெருக்கி உட்கார வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. என் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ஓடுகிறது. கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு கணக்குத் திறந்து தருவேன். அவரவர் வீட்டிலிருந்தே அதற்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்து வேலை பார்த்துக்கொள்ளலாம். இதற்கு ஷெல் என்று பெயர். "அண்ணாச்சி, எனக்கும் ஒரு ஷெல் தாங்க" என்று பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கிற மாதிரிதான் கேட்பார்கள்.

கேட்பதில் தப்பில்லை. கேட்கிற லட்சணம்தான் சரியில்லை. குருவிகுளத்துக்காரர் ஒருவர் குழுவில் எல்லாரும் பார்க்க, "பாஸ்வேர்டு எங்க குலசாமி பேரையே போட்டுருங்க அண்ணாச்சி, மறக்காது" என்று எழுதினார். குழுவில் பாதிப் பேருக்கு அதே குலசாமி. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இனி என் கம்ப்யூட்டரில் யாருக்கும் பாஸ்வேர்டு கிடையாது, ஆளுக்கொரு சாவிக் கோப்புதான், அது யார் கம்ப்யூட்டரில் இருக்கிறதோ அவருக்குத்தான் கதவு திறக்கும். ஒரே ஒரு பாஸ்வேர்டு மட்டும் மிச்சம். கரண்டு போய் வந்தால் கம்ப்யூட்டர் தன் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க அதைக் கேட்கும், எதிரே உட்கார்ந்து அடித்தால்தான் எழும்பும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் மனைவி ஒரு தடவை கேட்டாள். "நீங்க வெளியூர் போயிருக்கும்போது கரண்டு போச்சுன்னா நான் என்ன செய்யட்டும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக நான் ஒரு பிரசங்கம் செய்தேன். பெற்றவர்களிடமும் சொல்லக் கூடாது, கட்டினவளிடமும் சொல்லக் கூடாது, வாய்விட்டுச் சொன்ன நிமிஷமே பாஸ்வேர்டு செத்துப்போகும். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "சரி" என்று மாவு சலிக்கப் போய்விட்டாள். அந்தச் 'சரி' எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

சமீபத்தில் ஒரு நாள் வாசுதேவநல்லூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கக் கிளம்பினேன். பஸ் பாதி வழி போயிருக்கும், போன் வந்தது. பேசியது எங்கள் குழுவில் இருக்கும் இளையரசனேந்தல் அக்கா. கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், மானாவாரி நிலத்து மழையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். என்னிடம் ஷெல் வாங்கியவர்களில் உருப்படியாக வேலை பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய ஆய்வேடு முழுக்க என் கம்ப்யூட்டரில் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும்.

"தம்பி, உள்ளயே போக முடியல. அஞ்சு மணி தாண்டிட்டுன்னா எனக்கு இந்த வருஷம் போச்சு," என்றார். குரல் அழுகைக்கு வந்திருந்தது.

கரண்டு போய் வந்திருக்கிறது. யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். மணி நாலரை தாண்டிவிட்டது. இறங்கி வேறு பஸ் பிடித்து வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மனைவிக்குப் போன் போட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஒரு வரி நிக்குதா பாரு."

"நிக்குது. பாஸ்வேர்டு கேக்குது."

"நான் சொல்லுதேன், நீ அடி."

"சொல்லக் கூடாதுல்லா?"

அக்காவின் நிலைமையைச் சொன்னேன். "அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எழுதியே அனுப்பியிருக்கலாம். ஆனால் எழுதினால் அது போனில் கிடக்கும். என் சட்டப்படி வாயால் சொல்வதைவிட அது மோசம்.

நல்ல பாஸ்வேர்டு என்பது மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு முழு வாக்கியம். நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தேடித்தான் வைத்திருந்தேன். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். கேட்கவில்லை என்றாள். சத்தத்தைக் கூட்டினேன். அப்போதும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து நான் குரலை எடுத்த நேரம் பார்த்து டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு அவ தந்த காப்பியில சீனியே இல்ல. இங்கிலீஷ் எழுத்துல, இடைவெளி விடாம அடி."

பஸ்ஸில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"இத்தன வருசமா சொல்லவே இல்லையே நீங்க," என்றாள்.

"அக்கா காத்துக்கிட்டு இருக்காங்க."

அடித்தாள். முதல் தடவை தப்பாகி, இரண்டாம் தடவை எழும்பிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர், "குடிச்சீங்களா, வச்சிட்டீங்களா?" என்று கேட்டார். முழுதும் குடித்தேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வாசுதேவநல்லூரில் இறங்கும்போது அக்காவிடமிருந்து தகவல் வந்தது, ஏற்றியாகிவிட்டதாம். துட்டி வீட்டுக்குப் போகிற முகத்தை வரவழைப்பதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன். ஒரு பஸ்ஸுக்கே தெரிந்த பிறகு வேறு வழியில்லை. பழையதை அடித்தேன். புதியதைக் கேட்டுத் திரை நின்றது. அவளுக்குத் தெரியாத இன்னொரு வாக்கியத்தை யோசித்துப் பார்த்தேன். என்னிடம் அப்படி ஒன்றும் மிச்சமில்லை. அதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"தள்ளுங்க, நான் போடுதேன்," என்றாள். "அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

திரும்பிக்கொண்டேன். வெகுநேரம் அடித்தாள். என்னுடையதைவிட நீளம். சரிபார்க்க இன்னொரு தடவை அடிக்கச் சொல்லும், அப்போது அடித்துக்கொண்டே சிரித்தாள்.

பேட்டரி இன்னும் மாற்றவில்லை. கரண்டு போய் வரும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை, பேசிய பேச்சு, மிக்சரைத் தின்ற விதம் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், அவள் போட்ட வாக்கியம் எதைப் பற்றி என்று பிடிபடவில்லை. கேட்கவும் முடியாது. சட்டம் போட்டவன் நான்தான்.