மைனஸ் நிமிஷத்தில் வந்த பஸ்

எம்.எஸ்ஸி. புள்ளியியல் ப்ராஜெக்டுக்கு நானும் என் தோழியும் தாம்பரத்திலிருந்து திருநீர்மலை போகும் பஸ்ஸை எடுத்துக்கொண்டோம். ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று குறித்து, சராசரி கண்டுபிடிக்க வேண்டும். எண்பதுகளில் எங்களுக்குத் தெரிந்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பெரும்பாலும் பஸ் சீக்கிரமே வந்துவிடும். என்றாவது ஒரு நாள் மதியம் முழுக்க வராது. அந்த ஒரு நாள், அதுவரை சேர்த்த சராசரியைக் குப்புறக் கவிழ்த்துவிடும். இப்படி வால் நீண்ட பரவலில், வாலின் கனத்தைச் சொல்லும் எண் 1-ஐத் தாண்டினால்தான் சராசரிக்கான சூத்திரம் செல்லும். எங்களுக்கு அது 1-க்குக் கீழே வந்திருந்தது. கவனிக்காமல் போட்டுப் பார்த்தோம். சராசரி மைனஸில் வந்தது.

"கரெக்ட்தான்டி! நாம ஸ்டாப்புக்குப் போறதுக்கு முன்னாடியே போயிடுதுல்ல?" என்றாள் தோழி.

சிரித்து முடித்தபின்தான் தவறு புரிந்தது. 'இந்தப் பரவலுக்குச் சராசரியே கிடையாது' என்று கடைசிப் பக்கத்தில் டைப் அடித்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "சராசரி இல்லேன்னு எழுதவா ரெண்டு வருஷம் படிச்சீங்க? காலையில ஒரு நம்பரோட வாங்கம்மா. அப்புறம் கையெழுத்து." அது கிடைக்காவிட்டால் டிகிரி இல்லை, இன்னொரு வருஷம் அதே ஸ்டாப்தான்.

எழுந்தவர் கேட்டார்: "திருநீர்மலைக்குப் பஸ் எவ்ளோ நேரத்துல வரும்?"

"ஒரு நம்பரா சொல்ல முடியாது சார்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

கேன்டீனில் அழுது, போண்டா தின்று, மறுபடி அழுது, சாயங்காலம் ரயிலுக்குப் போனோம். ஸ்டாப்பில் அவர்! கையில் திருநீர்மலைப் பெருமாளுக்கு வாங்கிய துளசி மாலை வாடியிருந்தது.

"இன்னா சார், இன்னும் நின்னுகினே கீறீங்களா?" என்றாள் பூக்காரம்மா.

அவர் எங்களைப் பார்த்தார். கையை நீட்டினார். ப்ராஜெக்டைக் கொடுத்தேன். அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடி, 'சராசரியே கிடையாது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடினார். பஸ் வந்துவிட்டது, காலியாக, ஜன்னலோர சீட்டெல்லாம் காட்டிக்கொண்டு.

அவர் மனசு மாறுவதற்குள் ப்ராஜெக்டைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் ஓடினோம்.