ஹெப்டனின் கை

கிளிஃபோர்ட் ஹெப்டன் பதினாறு வயதில் பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி; இருபதில் உடம்பு கனத்துப்போய்க் குதிரையை விட்டு இறங்கினார். அப்புறம் யார்க்‌ஷரில் தன் ஊரிலேயே, பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றில் நாலு குதிரைகளோடு பயிற்சியாளரானார். முப்பது வருடமாகியும் பெரிய கோப்பை எதுவும் வாங்கவில்லை. ஆனால் அவர் கை பேர் வாங்கியது. தினமும் சாயங்காலம் ஒவ்வொரு குதிரையின் முன்னங்கால் நரம்பையும் தடவிப் பார்ப்பார். துளி சூடு தட்டினாலும் நரம்பு புண்பட்டிருக்கிறதென்று அர்த்தம்; மறுநாள் அதற்கு ஓட்டம் கிடையாது.

ஐம்பத்தெட்டாம் வயதுக் குளிரில் அந்த விரல்கள் வெளுத்து மரத்துப்போயின. கொதிக்கும் டீக் குவளையைப் பிடித்தாலும் ஒன்றும் உறைக்கவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஹெப்டன் யாரிடமும் மூச்சு விடவில்லை. கர்வம்தான், வேறென்ன? சாயங்காலமானால் வழக்கம்போலக் குனிந்து தடவித் தலையாட்டினார்.

அந்த வருடம் லாயத்தில் உருப்படியான குதிரை கேண்டில்விக் ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் ஹெஸ்லப், லாரி கம்பெனி வைத்திருந்தவர். சனிக்கிழமைத் தடுப்பு தாண்டும் பந்தயத்தில் ஜெயிக்காவிட்டால் குதிரையை வேறு லாயத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அது போனால் மற்றவையும் போகும். லாயத்தை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்த தலைமைக் குதிரைக்காரன் டகி லம்லி, கேண்டில்விக்கின் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"முதலாளி, இடது கால் லேசா சுடுது."

ஹெப்டன் தடவினார். ஒன்றும் தெரியவில்லை.

"ஜில்லுன்னு இருக்குய்யா. டீக் குவளைய கீழ வெச்சாத்தானே உன் கை ஆறும்?"

"நெசமாத்தான் முதலாளி, சுடுது."

"இந்த லாயத்துல யாரு கை சொல்றது செல்லும்? உன்னுதா, என்னுதா?"

"உங்களுதுதான். என் கை லத்தி அள்ளத்தானே லாயக்கு," என்றான் டகி. அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் கடைசித் தடுப்பைத் தாண்டி இறங்கியபோது கேண்டில்விக்கின் இடது கால் முறிந்தது. பச்சைத் திரையைச் சுற்றிக் கட்டினார்கள். உள்ளே ஒரு துப்பாக்கிச் சத்தம். டகி வெறும் கடிவாளத்தோடு வெளியே வந்தான்.

பந்தய அதிகாரிகள் ஹெப்டன், டகி, ஹெஸ்லப் மூவரையும் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

"நேத்து குதிரைக் காலைத் தொட்டுப் பார்த்தது யாரு?"

உண்மையைச் சொன்னால் ஹெப்டனின் லைசென்ஸ் போய்விடும்.

"நான்தாங்க," என்றான் டகி. "சூடே இல்லேன்னு நான்தான் சொன்னேன். முதலாளிக்கு நேத்து உடம்பு சரியில்ல."

விரல் மரத்ததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஹெப்டனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் வாய் திறக்கவில்லை.

"இவன் இருக்கிற லாயத்துக்கு இனி என் குதிரை வராது," என்றார் ஹெஸ்லப்.

திங்கட்கிழமை காலையில் ஹெப்டனே டகியிடம் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகச் சொன்னார். டகி பெட்டியைத் தூக்கினான்.

"சரிங்க முதலாளி. மூணாவது கொட்டடிக் குதிரைக்கு வலது கால் சுடுது. புதன்கிழமை ஓட விட்டுடாதீங்க."

அந்தக் குதிரையை அவர் ஓட விடவில்லை. ஹெஸ்லப்பும் இரண்டு புதுக் குதிரைகள் அனுப்பினார். அதன்பின் ஏழு வருடம், எந்தக் கால் சுடுகிறதென்று சொல்ல ஆளில்லாமல், ஹெப்டன் தினமும் குனிந்து தடவித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.